கைலிக்கு அடியில் ஒரு விலை

"கைலிக்கு அடியில கையைக் கோத்து விலை பேசுறவன் யோக்கியனா இருப்பானா, மச்சான்?"

சுமத்ராவின் பாயக்கும்பு மாட்டுச் சந்தை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான் மைத்துனன் ஷாஃப்னில். மர்ஜோஹான் மாட்டை உள்ளே இழுத்தார். அதை விற்க ஒரு வாரமாக அலைகிறார்.

வீட்டுக்கு வந்த கறிக்கடைக்காரர் மூக்காலேயே பேசினார். "எலும்பு எட்டிப் பாக்குதேய்யா... பதினொண்ணு!"

எடைமேடைக்காரன் மூச்சு விடாமல் ஒப்பித்தான். "சாணிக்குக் கழிவு, குடிச்ச தண்ணிக்குக் கழிவு, கயித்துக்குக் கழிவு... பன்னெண்டு!"

போனில் படம் பார்த்தவன் இழுத்தான். "படத்துல அழகாத்தான் இருக்கு... பதினொண்ணரை."

எல்லாம் மில்லியன் ரூப்பியா கணக்கு.

மிச்சம் இந்தச் சந்தைதான். இங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். பத்து மில்லியன் எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு மேல் எத்தனையோ, எதிராளியின் அத்தனை விரலைக் கைலித் துணிக்குள் பிடிக்க வேண்டும்.

வந்து நின்றவர் பக்கத்து ஊர் மாட்டு வியாபாரி ஜுல்பஹ்ரி. சந்தைக்கே பெரிய கஞ்சன்.

"வீட்டம்மா கண்ணு ஆபரேஷனுக்கு எவ்வளவு கேக்குறாங்க?"

"பதினாலு மில்லியன், அண்ணே."

ஷாஃப்னில் இடுப்பில் கிள்ளினான். "அவசரத்தைக் காட்டிட்டீங்களே! இனி அமுக்கிடுவான்."

கைலிக்குள் இரண்டு கைகளும் போயின. மர்ஜோஹான் அலுத்துப்போயிருந்தார். பன்னிரண்டு வந்தால் போதும். வாதத்தில் மரத்துப்போன வலது கையால் இரண்டு விரலைத் தேடிப் பிடித்தார். ஜுல்பஹ்ரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கையை ஒரு குலுக்கு. முடிந்தது.

ஜுல்பஹ்ரி தந்த பணத்தை எண்ணிப் பார்த்தால், மில்லியன் மில்லியனாகப் பதினாலு கட்டு!

'அடப்பாவி கையே, நாலையும் பிடிச்சுட்டியா?' மர்ஜோஹானுக்கு வியர்த்தது.

"கஞ்சன் ஏமாந்துட்டான்! திரும்பிப் பாக்காம நடங்க, மச்சான்!"

நடந்தார். பஸ் ஏறும் இடம் வரைக்கும்தான் கால் போனது; சந்தைக்கே திரும்பினார்.

"எங்க போறீங்க? ஐயோ, எங்க போறீங்க?"

ஜுல்பஹ்ரி மாட்டை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மர்ஜோஹான் இரண்டு கட்டை நீட்டினார்.

"அண்ணே, நான் சொல்ல நினைச்சது பன்னெண்டுதான். என் கைக்கு உணர்ச்சி கிடையாது. நாலையும் பிடிச்சிருச்சு. மன்னிச்சுக்கோங்க."

ஜுல்பஹ்ரி பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கத்தாதேய்யா, என் பொழைப்பு கெட்டுடும். உன் கை சரியாத்தான் பிடிச்சுது. மத்த ரெண்டு விரலை நான்தான் உன் பிடிக்குள்ள தள்ளினேன்."