கிறுக்கல் டாக்டர்

புதிதாக வந்தவருக்குத் தனி அறை, தலைக்கு மேல் இரண்டு மின்விசிறி. பத்தொன்பது வருடமாக இந்தத் தபால் நிலையத்தில் உழைப்பவருக்கு ஜன்னலோரம் ஒரு ஆடுகிற நாற்காலி.

"சூடு தாங்காதாம். ராஜா வீட்டுப் பிள்ளை" என்று முணுமுணுத்தார் கிறுக்கல் டாக்டர்.

வந்தவர் ஆளில்லை, கையெழுத்தைப் படிக்கும் இயந்திரம். உறையை உள்ளே விட்டால் வெளிச்சம் பாய்ச்சி, முகவரியைப் படித்து, அந்தந்த ஊர்ப் பெட்டியில் தள்ளிவிடும். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து சோதனைக்காகக் கொண்டுவந்து வைத்து ஒரு மாதம் ஆகிறது. இரண்டு பீரோ அளவுக்கு உடம்பு. முதுகிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி கிளம்பி, சுவரைத் துளைத்துக்கொண்டு எங்கோ போனது.

டாக்டர் பட்டம் சக ஊழியர்கள் கொடுத்தது. மூட்டை தூக்க வந்தவர் அவர். முப்பத்து நாலு வயதில் மனைவியிடம் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். எல்லா எழுத்துமே ஆரம்பத்தில் அவருக்குக் காடாகத் தெரிந்ததால், எந்தக் காட்டிலும் வழி கண்டுபிடிக்கப் பழகிவிட்டார். யாருக்கும் புரியாத உறையெல்லாம் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும்.

படிப்பு தேறிய அளவுக்குக் கையெழுத்து தேறவில்லை. சாமான் சீட்டு எழுதிக்கொண்டு போனால், கடைக்காரர், உங்கள் வீட்டம்மாவை வந்து படிக்கச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்புவார்.

இன்று கடைசிச் சோதனை. கிறுக்கல் உறைகளையும் இயந்திரம் சரியாகப் பிரித்துவிட்டால் அவர் மேசையை எடுத்துவிடப்போவதாக அதிகாரி சொல்லியிருந்தார். அப்புறம் பழையபடி மூட்டைதான். நினைக்கும்போதே இடுப்பு வலித்தது.

வீட்டிலும் ஒரு மாதமாக இதே புலம்பல். தனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று மனைவி சொல்ல வந்த அன்றுகூட, ஒரு இரும்புப் பெட்டி தன் நாற்காலிக்குப் போட்டியாக வந்ததைப் பற்றியே பேசித் தீர்த்தார். என்ன வேலை என்று இன்றுவரை கேட்கவில்லை.

இயந்திரத்தோடு வந்திருந்த இன்ஜினியர் அடுக்கி வைத்த உறைகளுக்கு நடுவே, தன் கையால் முகவரி எழுதிய ஒன்றை யாரும் பார்க்காதபோது செருகினார். எழுத்தை வேண்டுமென்று கெடுக்கவில்லை. வழக்கம்போல எழுதினாலே போதும் என்று அவருக்குத் தெரியும்.

இயந்திரம் படபடவென்று தள்ளிக்கொண்டே வந்தது. மோசமான கிறுக்கல்களுக்கு மட்டும் கொஞ்சம் நின்று நிதானித்தது. அவருடைய உறைக்கு அசையாமல் நின்றுவிட்டது.

"மூச்சு திணறுது பாருங்க" என்றார், பக்கத்திலிருந்தவரின் காதில்.

டக்கென்று ஒரு சத்தம். உறை ஒரு பெட்டியில் விழுந்தது. அதிகாரி அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்றும் விளங்காமல், சரிபார்க்கச் சொல்லி டாக்டரிடமே நீட்டினார்.

தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்காலி தப்பித்துவிடும். அவர் உறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியான ஊருதான் சார்" என்றார் கடைசியில்.

எல்லோரும் கை தட்டினார்கள். இன்ஜினியர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரி இன்ஜினியரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி ஈரத்துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார்.

"நாளையிலேருந்து மூட்டைதான். என் எழுத்தையே படிச்சிடுச்சும்மா அது. உன்னைத் தவிர யாராலயும் முடியாதுன்னு நெனச்சேன்."

அவள் துணியைக் கண்ணிலிருந்து எடுத்தாள். அப்போதுதான் அவள் கண்ணை அவர் சரியாகப் பார்த்தார்.

"ஏன் இப்படிச் செவந்திருக்கு? அப்படி என்னதான் வேலை உனக்கு?"

"ஒரு மாசம் கழிச்சாவது கேக்கத் தோணுச்சே" என்றாள் அவள், துணியை மடித்தபடி. "மெஷினுக்குப் புரியாத கவரெல்லாம் கம்பி வழியா எங்க ஆபீஸ் திரைக்கு வரும், நாங்கதான் பார்த்து ஊரைச் சொல்லணும்."

சுவரைத் துளைத்துக்கொண்டு போன அந்தக் கம்பி அவர் நினைவுக்கு வந்தது.

"இன்னைக்கு உங்க கவரும் வந்துச்சுங்க."