உருக்காலை ஓரத்துக் கீரை

ஈரச் சாக்கின் மேல் கீரைக்கட்டுகள் காலை வெயிலில் பச்சைப்பசேலென்று மின்னுகின்றன. ஈய உருக்காலையின் புகை படிந்த மண்ணில் விளைந்தவை. எத்தனை முறை அலசினாலும் விஷம் போகாது என்று மண்ணைச் சோதித்தவர்கள் சொன்ன நாளிலிருந்து, கீரைக்காரி தன் வீட்டு அடுப்பில் இந்தக் கீரையை ஏற்றுவதில்லை. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி குனிகிறாள். "அக்கா, இவளுக்கு மசிச்சுக் குடுக்கணும். இளசா ஒரு கட்டு குடுங்க." குழந்தை கீரைக்காரியின் விரலைப் பற்றிக்கொள்கிறது. "இன்னைக்கு வேண்டாம்மா. கீரை முத்திப்போச்சு." "உங்கள மாதிரி உள்ளதச் சொல்லி விக்கிறவங்க யாரு இருக்காங்க அக்கா!" என்று மனம் குளிர்ந்து சிரித்துவிட்டு அவள் நகர்கிறாள். கீரைக்காரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பின்னால் நின்ற பெரியவர் பையை விரிக்கிறார். "முத்தினா என்னம்மா, எனக்கு ரெண்டு கட்டு போடு." அவள் தலை நிமிராமல் போடுகிறாள்.