கடைவாய்ப் பல்

பெண் கேட்டு ஆள் வரும் நாளில் பெண்ணைப் பெற்றவன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

சாமிதுரை அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். வாயில் பஞ்சு. ஒரு கையில் ஐஸ் சுற்றிய துண்டு, கன்னத்தோடு. இன்னொரு கையில் எச்சில் துடைக்க ஒரு பழைய கைலித் துணி.

காலையில் குன்னத்தில் பஸ் ஏறிப் பெரம்பலூர் போனவன், மத்தியானம் பாதி முகம் வீங்கி வந்து இறங்கினான்.

“அப்பா, பஞ்சைத் துப்பிடலாம். அரை மணிக்கு மேல ஆச்சு,” என்றாள் மகள் இலக்கியா. நர்சிங் படிக்கிறவள். தெரிந்துதான் சொன்னாள்.

துப்பினான். புதுப் பஞ்சு எடுத்து வைத்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் திருமானூரிலிருந்து அக்கா வீரம்மாள் வந்துவிட்டாள். கூடவே புருஷன் அய்யம்பெருமாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மல்லிகைப் பூ. மகன் அரவிந்தனுக்கு இலக்கியாவைக் கேட்க வந்திருக்கிறாள். முறைதான். முன்கூட்டியே போனில் சொல்லிவைத்த நாள்தான்.

“என்னடா இது கோலம்?”

சாமிதுரை கன்னத்தைக் காட்டினான். அவன் மனைவி மேகலாதான் பதில் சொன்னாள்.

“கடவாப் பல்லு அண்ணி. ஒரு வருஷமா வலி. புடுங்கிக்கங்கன்னா போவ மாட்டாரு. இன்னிக்குன்னு பாத்துப் போயிட்டாரு. பேசக் கூடாதாம்.”

“இவனா பேசாம இருக்கப்போறான்?” அய்யம்பெருமாள் சிரித்தார். “மைக்செட்டு இல்லாமலே மூணு தெருவுக்குக் கேக்குமே.”

“நீங்க சும்மா இருங்க.” வீரம்மாள் தம்பி பக்கம் திரும்பினாள். “நீ பேச வேணாம்டா. கேட்டுக்க, போதும். கல்யாணத்த சித்திரையில வச்சுக்கலாம். பூவை இன்னிக்கே வச்சுட்டுப் போறேன்.”

சாமிதுரை மின்விசிறியைப் பார்த்தான்.

“இவன் வாயிலேருந்து எனக்கு மாட்டேன்னு ஒரு வார்த்தை வந்ததில்ல. அம்மா போனப்புறம் நான்ல சோறு ஊட்டுனேன்.” தட்டை நீட்டினாள். “புடி.”

அவன் ஐஸைக் காட்டினான். துணியைக் காட்டினான்.

“கீழ வையேன்டா.”

“ஐஸை எடுத்தா இன்னும் வீங்கிடும் அண்ணி,” என்றாள் மேகலா.

“அப்பத் தலையையாச்சும் ஆட்டு.”

ஆட்டவில்லை. முகத்தைச் சுளித்தான்.

“சரி, வாய் தொறக்கலன்னா சம்மதம்னுதான் அர்த்தம். இலக்கியா, இங்க வா. தலையைக் காட்டு.”

இலக்கியா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவ்வளவுதான்.

“வேணாம் அத்தை.”

“என்னது?”

“பூ வேணாம். படிப்பு இன்னும் பாக்கி இருக்கு. முடிச்சுட்டு வேலைக்குப் போவணும்.”

“வேலைக்கா? கரும்பு வெட்டு வந்தா அத்தனை ஆளுக்கும் ஆக்கிப் போடணும் எங்க வூட்டுல. அதைவிடப் பெரிய வேலை எந்த ஆஸ்பத்திரியில இருக்கு?”

“அதுக்குத்தான் அத்தை வேணாங்கறேன்.”

அய்யம்பெருமாள் இருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம்.

வீரம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “பாத்தியாடா? பெத்தவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க, பொட்டப்புள்ள எதுத்துப் பேசுது. அந்தப் பஞ்சைத் துப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நீ சரின்னா அவ கேட்டுக்குவா.”

சாமிதுரை பஞ்சை இன்னும் இறுக்கிக் கடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

மேகலாவுக்கே பொறுக்கவில்லை. “ஏங்க, ஒண்ணு அந்தப் பக்கம் பேசுங்க, இல்ல இந்தப் பக்கம் பேசுங்க. புள்ள ஒத்தையில நிக்குது.”

ம்ஹூம்.

“அப்பாவ உடுங்க அத்தை. அவருக்கு வலிக்குது,” என்றாள் இலக்கியா. “கட்டிக்கப்போறது நான். நானே சொல்றேன், வேணாம். மச்சான்கிட்டயும் நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன். கோவிச்சுக்காதீங்க.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

அய்யம்பெருமாள்தான் எழுந்தார்.

“கெளம்பு. நேராச் சொல்லிடுச்சு. நாளைக்குக் கட்டிவச்சு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கறதுக்கு இது தேவலாம். பஸ்ஸைப் புடிப்போம்.”

வீரம்மாள் பூவை எடுத்து மேகலா கையில் வைத்தாள். “நீயாச்சும் வச்சுக்க.” வாசலில் நின்று தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். “உன்மேல எனக்குக் கோவமில்லடா. உனக்கு வாய் இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது. சூடா எதுவும் குடிச்சுத் தொலைக்காத. கஞ்சிய ஆறவச்சுக் குடி.”

அதற்கு மட்டும் தலையை ஆட்டினான்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் மேகலா பிடித்துக்கொண்டாள்.

“நல்ல அப்பன். புள்ளைய முன்னால தள்ளிவிட்டுட்டு வாயில பஞ்சை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஒரு வருஷம் பொறுத்த வலிய இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியலையா?”

சாமிதுரை பஞ்சைத் துணியில் துப்பினான்.

“வலி பொறுக்கற மாதிரிதான் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் இன்னிக்குப் போயிப் புடுங்கினீங்க?”

“வாய் நல்லாருந்தா, அக்கா கேட்டவுடனே சரின்னு சொல்லியிருப்பேன்டி.”