அறுபது துண்டு மாம்பழம்

அன்று அறிவியல் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். தலைமை ஆசிரியர், அறிவியல் சார், போட்டிக்கு நடுவராக வந்த அம்மாள், பிள்ளைகள் மூன்று பேர், தராசைத் துடைத்து வைத்துவிட்டு மூலையில் நின்ற கூடத்து உதவியாளான நான்.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் வழங்கிய பெயர்களையே சொல்கிறேன். நெட்டை, கண்ணாடி, தீனி. கண்ணாடி பெண், மற்ற இருவரும் பையன்கள். தீனிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

அடிபட்டு விலைபோகாமல் குப்பைக்குப் போகும் மாம்பழத்தை வெயிலில் உலர்த்த ஒரு பெட்டி செய்திருந்தார்கள். பழைய மரப்பெட்டி, உள்ளே கறுப்பு வர்ணம், மேலே யாரோ கழற்றிப் போட்ட ஜன்னல் கண்ணாடி. அவ்வளவுதான். கரன்ட் வேண்டாம். உலர்ந்த பழம் மாதக்கணக்கில் கெடாது.

பழம் உலர்ந்த இரண்டு நாளும் மாடிப்படி முழுக்க மாம்பழ வாசனை. அந்த மாடி இப்போது இல்லை, புதுக் கட்டடம் வந்துவிட்டது. ஆனாலும் வெயில் காலம் வந்தால் எனக்கு அந்தப் படிகள்தான் நினைவுக்கு வரும்.

பழம் நறுக்கும்போது தீனியை அறைக்குள் விடமாட்டார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெட்டியை மாடிக்குச் சுமப்பதும், வெயில் நகர நகர அதைத் திருப்பி வைப்பதும் அவன் வேலை.

நடுவர் அம்மாள் உலர்ந்த துண்டுகளைத் தராசில் வைத்தார்.

“நானூத்திப் பத்து கிராம். போடும்போது எவ்வளவு?”

“மூணு கிலோ, மேடம்,” என்றாள் கண்ணாடி. “ரெண்டே நாள்ல காஞ்சிடுச்சு!”

“அதான் இடிக்குது. மூணு கிலோ மாம்பழத்துல தண்ணியெல்லாம் வத்தினாலும் அறுநூறு கிராமாவது மிஞ்சணுமே. தராசு பொய் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?”

தராசு சரிதான். ஆனால் பெரியவர்கள் பேசும் இடத்தில் எனக்கு வாய் வராது.

சார் துண்டுகளை எண்ணினார். போட்டது அறுபது. இருந்தது நாற்பத்தொன்று.

எல்லாரும் தீனியைப் பார்த்தார்கள்.

“அப்பவே சொன்னேனே சார், இவனைச் சேர்க்க வேணாம்னு,” என்றான் நெட்டை. “மாடியில தனியா விட்டா பெட்டியையே தின்னுடுவான்.”

“மூணு மாச உழைப்பு சார்,” என்று கண் கலங்கினாள் கண்ணாடி.

“வயிறாடா அது, கிணறா?” என்றார் தலைமை ஆசிரியர். “மனுஷனுக்கு ஒரு கட்டுப்பாடு வேணாம்?”

தீனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“யார் எடுத்தாங்கன்னு தெரியலைன்னா, நீங்க சொல்ற கணக்கே தப்புன்னுதான் நான் எடுத்துக்கணும்,” என்றார் நடுவர் அம்மாள். “பெரிய கண்காட்சிக்கு இந்தப் பெட்டியை அனுப்ப முடியாது.”

தீனி நிமிர்ந்தான்.

“நான்தான் மேடம். பத்தொன்பதும் நான்தான் தின்னேன்.”

சார் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அட்டையில் மூன்றாவது பெயரைப் பேனாவால் அடித்தார். “கண்காட்சிக்கு ரெண்டு பேர் போனாப் போதும்.”

அந்த அட்டையை எழுதியதே தீனிதான். அவன் கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்கும். அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுவர் அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, பெட்டி மேல தப்பில்லை. பத்தொன்பது துண்டு தின்ன நிபுணன் நீதான். ருசி எப்படி இருந்துச்சு, சொல்லு.”

அவன் எச்சில் விழுங்கினான்.

“தேன் மாதிரி இருந்துச்சு மேடம்.”

“தேனா?” என்றார் தலைமை ஆசிரியர். “உப்புக் கரிக்குதேடா!”

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது.

“உப்பா?” நடுவர் அம்மாள் கண்ணாடியிடம் திரும்பினார்.

“கறுத்துப் போகாம இருக்க, நறுக்கினதும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்தோம் மேடம். நானும் நெட்டையும் மட்டும்தான் இருந்தோம். இவனுக்கு... இவனுக்குத் தெரியாது.”

“அப்போ உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது சார்?”

தலைமை ஆசிரியர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “பிள்ளைங்க செஞ்ச பண்டம். நல்லா இருக்கான்னு யாராவது பார்க்க வேணாமா? பொறுப்புன்னு ஒண்ணு இருக்கே.”

“பொறுப்பு எத்தனை துண்டு?”

“அஞ்சு.”

சார் செருமினார். “நான் நாலு. அதுவும் சின்னதாப் பார்த்துத்தான்.”

நெட்டை கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தான். “ஆறு.”

“மூணு,” என்றாள் கண்ணாடி. பிறகு, “இல்லை, நாலு.”

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். சரியாகப் பத்தொன்பது.

“நீ ஏண்டா ஒண்ணுகூட எடுக்கலை?” சாரின் குரல் இறங்கியிருந்தது.

“எடை போடணுமே சார். எடுத்தா கணக்கு கெட்டுப்போயிடும்ல?”

சார் பேனாவைத் திறந்தார். அட்டையில் கீழே இடமில்லை. மற்ற இரண்டு பெயர்களுக்கும் மேலே எழுத வேண்டியதாயிற்று. கோணல் எழுத்துதான். யாரும் குறை சொல்லவில்லை.

நடுவர் அம்மாள் தட்டை அவனிடம் நீட்டினார். “எடை போட்டாச்சு. எடுத்துக்கோ.”

அவன் எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஓரத்தில் கிடந்த சின்னத் துண்டை எடுத்து வாயில் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மென்றான்.

“உப்பு கொஞ்சம் தூக்கல்தான்,” என்றான்.

தட்டில் மீதி, நாற்பது.