மழைக்குப் பழைய பதிப்பு

கணவன் இளம்பரிதியின் குரலைக் கேட்கத்தான் பூங்கோதை தன் காதுக்கருவியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் நிரல்மொழியைப் புதுப்பித்தாள். குரல் கேட்டது, மழை ஊமையாகிவிட்டது. மழையோசையைக் கேட்கவைக்கும் நிரல்தொகுப்பு புதிய பதிப்பில் ஓட மறுத்தது.

பரிதி பழைய பதிப்பையும் பக்கத்திலேயே நிறுவித் தந்தான்.

"ரெண்டும் ஒண்ணா ஓடாது. பழசுக்கு மாத்தினா மழை கேக்கும், நான் பேசறது கேக்காது."

"மழை பெய்யும்போது மட்டும் மாத்திக்கறேங்க."

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. பழைய பதிப்புக்கு மாறி, சன்னல் கண்ணாடியோரம் சொக்கி நின்றாள். கொய்யா இலைகள் அவளுக்குள்ளேயே சலசலத்தன. கேட்காது என்ற தைரியத்தில், முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற பரிதி ஒருநாளும் சொல்லாததைச் சொன்னான்.

"எவ்ளோ அழகுடி நீ."

இத்தனை வருடமும் அவன் உதடுகளைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவள் அவள். விளக்கு வெளிச்சத்தில் அந்த உதடுகள் கண்ணாடியில் தெரிந்தன. அவள் திரும்பவில்லை.

மழை விட்ட பிறகும் பழைய பதிப்பிலேயே இருந்தாள்.