கைக்கெட்டும் உயரத்தில்

பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்த அன்றே, குப்பம்மாவுக்கு இனிப் பெருக்கித் துடைக்கும் வேலை மட்டுமே என்று பவ்யா அறிவித்தாள். குப்பம்மா வருத்தம் எதையும் காட்டவில்லை. இயந்திரத்தின் பின்புறத்தை எட்டிப் பார்த்துக் கவலைப்பட்டாள்.

“இன்னாமா, சுவிட்ச மிஷினுக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சிகீறாங்க? தண்ணி ஓடுற மிஷினு. பொக வந்தா எப்டி ஆஃப் பண்ணுவ?”

பவ்யாவின் கணவன் அபிஷேக் அசந்துபோனான். “நாம ரெண்டு பேரும் இன்ஜினியர். இது நமக்குத் தோணலையே.”

அந்த ஞாயிறே எலக்ட்ரீஷியன் வந்து, சுவிட்சை மேடைக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்துக்கு மாற்றினார்.

மறுவாரம் முதல் இயந்திரம் தினமும் பாதியில் நின்றது. தட்டுகளில் சாம்பார் காய்ந்திருந்தது. மெக்கானிக் மூன்று முறை வந்தார். அவர் எதிரில் அது ஒழுங்காகவே ஓடியது.

“மிஷின்ல ஒரு குறையும் இல்ல சார். நடுவுல கரண்ட் கட்டாவுது. ஓடும்போது நீங்க பாக்கறதில்லையா?”

“அந்த நேரத்துல ரெண்டு பேருமே ரூம்ல மீட்டிங்ல இருப்போம்,” என்றான் அபிஷேக்.

இயந்திரம் கடைக்குத் திரும்பியது. பாத்திரங்கள் குப்பம்மாவிடம் திரும்பின.

அடுத்த மாதம், குப்பம்மா வேலை செய்யும் எதிர்வீட்டிலும் அதே போன்ற இயந்திரம் வந்து இறங்கியது. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் பின்புறத்தை எட்டிப் பார்த்தாள்.

“இன்னா வர்ஷாமா, இங்கயும் சுவிட்சு பின்னாடி கீது? மொதல்ல அத்த மேல எடுத்து வை. ஆபத்து அவசரத்துக்கு என் கைக்கு எட்டணும்ல?”