அறுபத்து நான்காவது முகூர்த்தம்

ஒரு கல்யாணப் படக்காரரிடம் ஒரு கேமராவும் ஒரு மெமரி கார்டும் இருந்தன. ஒரு கார்டு பழுதானாலும் மற்றதில் படம் இருக்கட்டும் என்று கேமராவில் கார்டு போட இரண்டு இடங்கள் உண்டு. இரண்டாவது இடம் எப்போதும் காலியாகவே கிடந்தது.

அறுபத்து நான்காவது கல்யாணத்தன்று காலையில் கார்டு சொன்னது: "அண்ணே, நாலு நாளாக எனக்குள் படம் சரியாக நிற்கவில்லை."

"திரையில் எச்சரிக்கை காட்டிவிடட்டுமா?" என்றது கேமரா.

"ஐயையோ, என்னைக் குப்பையில் போட்டுவிடுவார். இன்று ஒரு நாள் சமாளித்துவிடுகிறேன்."

கேமரா எச்சரிக்கையைக் காட்டவில்லை.

மணப்பெண்ணின் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள். தாலித் தட்டு அவரிடம் வந்ததும் தொட்டு ஆசீர்வதித்தார். படக்காரர் பன்னிரண்டு படங்கள் எடுத்தார்.

"எல்லாம் வந்ததா?" என்றது கேமரா.

"வந்துவிட்டது, வந்துவிட்டது" என்றது கார்டு.

மூன்றாம் நாள் அப்பா இறந்துபோனார். மாலை போட்டு வைக்க அந்தப் படம் வேண்டும் என்று மகள் வந்தாள். அப்போதுதான் படக்காரர் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். பன்னிரண்டும் வெறும் சாம்பல் நிறமாகத் திறந்தன.

"இன்னொரு தடவை பாருங்கண்ணா" என்றாள் அவள். ஏழு தடவை பார்த்தார். அவள் எழுந்து போனதும் கார்டை ஒடித்து எறிந்தார்.

மறுநாள் இரண்டு இடங்களிலும் புதுக் கார்டுகள் வந்தன.

"எங்களுக்கு முன்னால் இருந்தவர் எப்படி?" என்று கேட்டன.

"தங்கமான பிள்ளை" என்றது கேமரா. "முதலாளியிடம் ஒரு நாள்கூட முடியாது என்று சொன்னதில்லை."

"நாங்களும் சொல்ல மாட்டோம்" என்றன இரண்டும்.